ஒரு ரோச் லைற்றுக்குப் பதினெட்டாயிரமா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் றேடியோ, அம்ப், தண்ணி மோட்டர் என்று கொண்டுவருவதையெல்லாம் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. மேசையில் ஈயக்கம்பிக்கும் மல்ரிமீற்றருக்கும் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைநிறக் குழாய் ஒன்று எப்போதும் நிற்கும். வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். "இதென்னண்ணை, ரோச்சோ?" "ஓம்." "எவ்வளவு?" விலையைச் சொன்னதும் சூடுபட்டதுபோலத் திருப்பி வைத்துவிடுவார்கள். "அந்தக் காசுக்கு ஒரு பழைய மோட்டரே வாங்கலாமே" என்றார் ஒருவர். வாங்கலாம்தான். அவருடைய பழைய மோட்டரைத்தான் அப்போது நான் கழற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ரோச்சில் இருக்கும் பித்து எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் யுத்தத்தோடு போன கரண்ட் நான் மீசை அரும்பும்வரை திரும்பி வரவில்லை. மண்ணெண்ணெய் விலை ஏறி, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் படித்தோம். பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. வீட்டில் ஒரு எவரெடி ரோச் இருந்தது. செத்த பற்றரிகளை அம்மா வேப்பமரத்தடி மதிலில் வெயிலுக்கு வைப்பார். இரவு ஒரு நிமிடம் சிவப்பாய் எரியும். அந்த ஒரு நிமிடத்துக்குள் கிணற்றடிக்குப் போய்வர வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகம் அந்தப் பொருளை 'மின்சூள்' என்று சொல்லிற்று. வடிவான சொல். ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். கையிலிருப்பது எமிசார் டி4வி2. ஒரே ஒரு 18650 பற்றரி (பதினெட்டு மில்லிமீற்றர் அகலம், அறுபத்தைந்து மில்லிமீற்றர் நீளமான லிதியம் பற்றரி), முன்பக்கம் நான்கு எல்.ஈ.டி., பக்கவாட்டில் ஒரு சுவிச். சீனாவில் ஹாங்க் என்பவர் நடத்தும் கடையில் நேரடியாகச் சொல்லிச் செய்விப்பது. கப்பல் செலவோடு அறுபது டொலருக்குக் கொஞ்சம் குறைய வந்தது. பொதி வர ஏழு கிழமை.

அதற்கு முன் இரண்டு தரம் ஏமாந்தேன். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் நின்றபோது, டவுனில் ஒரு கடையில் முன்பக்கம் இழுத்தால் வட்டம் சுருங்கும் வகை ரோச் ஒன்று வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் லூமன் வெளிச்சம். உள்ளே '9900' என்று எழுதிய பற்றரி. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல 18650 பற்றரியில் 3500 மில்லி அம்பியர் மணியை (பற்றரி எவ்வளவு தேக்கும் என்ற கணக்கு) தாண்டுவதே பெரிய காரியம். 9900 என்று ஒன்று கிடையாது. அது தெரிந்தும் வாங்கினேன், அவசரம். இரண்டாம் நாள் இரவு நாற்பது நிமிடத்தில் படுத்துவிட்டது. கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்யும் சினேகிதன் ஒருவனின் தராசில் அதை வைத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது கிராம். உண்மையான பற்றரி நாற்பத்தைந்து அளவில் நிற்கும். "பவுணிலும் இப்பிடித்தான் மச்சான், நிறைதான் முதல் சாட்சி" என்றான். வீட்டில் எலக்ட்ரோனிக் தராசு இருந்தால் இந்தப் பரீட்சையைச் செய்யுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது ஏமாற்றம் என் பேராசை. லூமன் அதிகம் என்று குளிர்வெள்ளை எல்.ஈ.டி. போட்ட ஒன்றை வாங்கினேன். பற்றரியும் நல்லது, வெளிச்சமும் பொய்யில்லை. ஆனால் இணுவிலில் மனைவி வழியில் வந்த வாழைத்தோட்டத்துக்கு விடியப்புறம் நாலரை மணிக்கு நான் தண்ணி இறைக்கப் போவது வழக்கம். அந்த வெளிச்சத்தில் தோட்டம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல இருந்தது. வாழைச்சருகும் மண்ணும் சாணியும் ஒரே நிறம். ஒருநாள் வாய்க்கால் கரையில் சருகு என்று நினைத்து மிதிக்கப் போன இடத்தில் சருகு சீறிற்று. புடையன். இரண்டு அடி பின்னால் பாய்ந்ததில் செருப்பு ஒன்று வாய்க்காலில் போனது. அன்றைக்குத்தான் வெளிச்சத்தின் அளவை விட்டு அதன் குணத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் உங்களுக்கு உதவக்கூடியது இதுதான். லூமன் என்பது ரோச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரிய, ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும். ஆகவே ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண். பெட்டியில் இத்தனை மீற்றர் என்று எழுதியிருப்பது, வெளிச்சம் கால் லக்ஸ் ஆகத் தேயும் தூரம். அதாவது பௌர்ணமி நிலவளவுக்கு. அந்தத் தூரத்தில் ஆள் நிற்கிறாரா என்று தெரியும், யாரென்று தெரியாது. எங்கள் ஒழுங்கைகளில் இருபது மீற்றருக்கு ஒரு முடக்கு, அதற்கு மேல் வேலி. எட்ட அடிக்கும் ரோச் கடலுக்குப் போகிறவருக்கு வேண்டும், எனக்கு எதற்கு?

மூன்றாவது, நிறம் காட்டும் குறியெண். சி.ஆர்.ஐ. என்பார்கள். சூரிய வெளிச்சத்துக்கு நூறு. மலிவான எல்.ஈ.டி. எழுபதில் நிற்கும். நான் தெரிவு செய்த நிச்சியா 519ஏ என்ற எல்.ஈ.டி. தொண்ணூறுக்கு மேல், சிவப்பையும் மண்ணிறத்தையும் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. இதற்கு விலையாக லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும். நாலாவது, வெளிச்சத்தின் சூடு: கெல்வினில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் 2700, ஆஸ்பத்திரி வெள்ளை 6500. நான் 4500 எடுத்து, எல்.ஈ.டி.யின் மேலிருக்கும் சிலிக்கன் குமிழை நீக்கித் தரச் சொன்னேன். குமிழ் போனால் நிறம் இன்னும் மஞ்சளாகும், நாலாயிரத்துக்குக் கீழே இறங்கும். வெளிச்சமும் கொஞ்சம் குவியும்.

இந்தத் தெரிவுப் பக்கம்தான் டி4வி2இன் உண்மையான சுகம். எந்த எல்.ஈ.டி., உடம்பு என்ன நிறம், கொழுவி வேண்டுமா, வாலில் காந்தம் வேண்டுமா என்று சேலைக்கடையில் சட்டைத்துண்டு பொருத்துவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நான் இரண்டு இரவு யோசித்தேன். மனைவி எட்டிப்பார்த்து, "கலியாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கேல்லை நீங்கள்" என்றாள். காந்தம் வேண்டுமென்று போட்டேன்; மோட்டரின் இரும்பு உடம்பில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். அது நூற்றுக்கு நூறு சரியான முடிவு. கட்டைக் குழாய் எடுத்து 18350 பற்றரி போட்டால் இன்னும் குட்டியாகும். பற்றரியின் கொள்ளளவும் பாதிக்குக் கீழே போகும். வேண்டாமென்று விட்டேன்.

பற்றரி தபாலில் வராது. தனி லிதியம் பற்றரியை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். வெறும் உடம்புதான் வந்தது. மின்சார சைக்கிளுக்குப் பற்றரி கட்டும் ஒருவரிடம் கொழும்பிலிருந்து இரண்டு சாம்சுங் 30கியூ எடுத்து, இரவு பஸ்சில் கொடுத்துவிடச் சொன்னேன். ரோசா நிறச் சட்டை, 3000 மில்லி அம்பியர் மணி, பதினைந்து அம்பியர் தாங்கும். திரும்பவும் சினேகிதனின் தராசு: நாற்பத்தைந்தரை கிராம். இந்த ரோச்சுக்கு இப்படிப்பட்ட, பாதுகாப்புச் சுற்று இல்லாத, அதிக கரண்ட் கொடுக்கும் பற்றரிதான் வேண்டும். பாதுகாப்புச் சுற்று வைத்தது நீளம் கூட, முழு வெளிச்சத்தில் தானே கட் பண்ணியும் விடலாம். ஆனால் சுற்று இல்லாத பற்றரியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். மேலுறை கிழிந்தால் பாவிக்காதீர்கள். என் மேசையில் கிடக்கும் பழைய லப்ரொப் பற்றரிகளையும் போட்டுப் பார்த்தேன்; மங்கல் வெளிச்சத்துக்கு வேலை செய்யும், முழு வெளிச்சம் கேட்டால் வோல்ற் விழுந்து மூச்சு வாங்கும். அவற்றிடம் அப்படிக் கேட்கவும் கூடாது.

ரோச்சுக்குள் ஓடும் மென்பொருளின் பெயர் அன்டுரில். யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த நிரல். ஒரு சுவிச், எத்தனை தரம் அமுக்குகிறோம் என்பதுதான் பாஷை. ஒன்று அமுக்கினால் எரியும். அணைந்திருக்கும்போது அமுக்கிப் பிடித்தால் ஆகக் குறைந்த வெளிச்சம், விடாமல் பிடித்தால் மெல்ல மெல்ல ஏறும். எரியும்போது இரண்டு அமுக்கு, முழு வெளிச்சம். அணைந்திருக்கும்போது மூன்று அமுக்கினால் பற்றரியின் வோல்ற்றைக் கண்சிமிட்டிச் சொல்லும்: நாலு சிமிட்டல், இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 4.1. நாலு அமுக்கினால் பூட்டு. அணைந்திருக்கும்போதும் முன்பக்கம் ஊசிமுனை போலச் சின்ன நிறவிளக்குகள் எரியும். பற்றரி நிறைய இருந்தால் நீலம், பாதியில் பச்சை, முடியும்போது சிவப்பு. இருட்டு அறையில் ரோச்சைத் தடவித் தேட வேண்டியதில்லை.

அந்த நாலு அமுக்குப் பூட்டை முதல் கிழமை நான் மதிக்கவில்லை. சாரத்து மடியில் செருகிக்கொண்டு வாழைக்குள் குனிந்தபோது சுவிச் அமுங்கிவிட்டது. இடுப்பில் யாரோ கொள்ளி வைத்ததுபோல ஒரு சுள். பார்த்தால் சாரத்தில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவு மண்ணிறக் கருகல். நான்கு எல்.ஈ.டி. முழு வேகத்தில் எரியும்போது முன்னால் கறுப்புத் துணி இருந்தால் உண்மையாகவே கருகும், விளையாட்டில்லை. அதிலிருந்து மடியில் வைக்க முன் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுகிறேன். புரியில் பூச்சு இருப்பதால் தளர்த்தினாலே தொடுப்பு விட்டுப்போகும். மென்பொருளை நம்புவதைவிட இது நிம்மதி.

முழு வெளிச்சம் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். பயங்கரம். வளவின் இந்த மூலையிலிருந்து அடித்தால் பின்வளவுப் பனையின் வட்டு, நுங்குக்குலை, தூங்கிக்கொண்டிருக்கும் காகம் எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அரை நிமிடத்தில் உடம்பு கொதித்து, ரோச் தன்னைத்தானே காக்க வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டுக்காரர் எழுதும் நேரக்கணக்கை இங்கே நம்பாதீர்கள். சித்திரை இரவில் நமது காற்றே முப்பது பாகையில் நிற்கும்போது ரோச்சின் உலோகம் எதற்குள் போய் ஆறும்? ஒன்றரை வருடத்தில் முழு வெளிச்சத்தை நான் உண்மையான தேவைக்குப் பாவித்தது மூன்று தரம். ஒன்று, கார்த்திகை மழையில் மதில் விழுந்த இரவு. மற்ற இரண்டும் பிள்ளைகள் கேட்டு.

நான் ஒவ்வொரு நாளும் பாவிப்பது அதன் அடிமட்ட வெளிச்சத்தை. ஒரு லூமன்கூட இராது. இரவு எழும்பினால் கண் கூசாது, பக்கத்தில் படுத்திருப்பவள் திரும்பிப் படுக்க மாட்டாள், நிலம் தெரியும். அதற்குக் கொஞ்சம் மேலே வைத்தால் வாழைத்தோட்டம். இந்த மஞ்சள் வெளிச்சத்தில் சருகு சருகாகத் தெரிகிறது. ஆவணியில் விடியுமுன் பனம்பழம் பொறுக்கப் போனால், காய்ந்த ஓலைக்குள் கிடக்கும் கறுப்புப் பழத்தின் தொப்பிக்குக் கீழே இருக்கும் செம்மஞ்சள் எட்ட நின்றே கண்ணில் படும். முந்திய ரோச்சில் காலால் தட்டித்தான் கண்டுபிடித்தேன்.

இனி நான் செய்த வேலைகள். வந்தபடி வெளிச்சத்தின் நடுவில் ஒரு குவியல் இருந்தது. கிட்ட வேலை செய்யும்போது அது கண்ணைக் குத்தும். குளியலறை ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் பால்வெள்ளைத் தாளில் ஒரு மிச்சத்துண்டு கண்ணாடிக்கடையில் சும்மா தந்தார்கள். முன்வளையத்தைக் கழற்றி, கண்ணாடியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி உட்பக்கம் ஒட்டினேன். வெளிச்சம் தண்ணியில் பால் விட்டதுபோலப் பரவிற்று. இருபது ரூபாய்கூடச் செலவில்லை. பதினெட்டாயிரத்தில் இல்லாத மென்மை அதில் வந்தது. புரிக்கும் ரப்பர் வளையத்துக்கும் மோட்டார் சைக்கிள் பிறேக்குக்குப் போடும் சிலிக்கன் கிறீஸ். கைக்கயிறு, குருநகரில் வாங்கிய வலை நூலில் நானே பின்னியது.

பெரிய வேலை இதில் நடக்கவில்லை, அம்மாவின் ரோச்சில் நடந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஒரு சுவிச்சை எத்தனை தரம் அமுக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்டுரிலில் எளிய முறை ஒன்று உண்டு, புது ரோச் அப்படித்தான் வரும்; அதுகூட அவருக்குக் கூடுதல். ஆகவே அவருக்குக் கான்வாய் எஸ்2 பிளஸ். மெல்லிய குழாய், ஒரே எல்.ஈ.டி., வாலில் 'டிக்' என்று அமுங்கும் பழைய பாணிச் சுவிச். விலையும் பாதிக்குக் கீழே. ஆனால் உள்ளே இருந்தது அந்தச் சாம்பல் வெள்ளை. அதைப் பிடுங்கி 519ஏ வைக்க முடிவெடுத்தேன்.

இதற்குத் தனி இயந்திரம் தேவையில்லை, ஸ்திரிக்கைப் பெட்டி போதும். கவிழ்த்துக் கட்டி, எல்.ஈ.டி. இருக்கும் செப்புத் தட்டை அதன் மேல் வைத்துச் சூட்டைக் கூட்டினால், அதை ஒட்டியிருக்கும் ஈயக்கலவை உருகும். பழையதைச் சாமணத்தால் தூக்கி, கொஞ்சம் பசை ஈயம் தடவி, கூட்டல் கழித்தல் பார்த்துப் புதியதை வைத்தால், அது உருகிய ஈயத்தில் மெல்ல நீந்தித் தானே நேராக உட்காரும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி. ஆனால் முதல் எல்.ஈ.டி.யை நான் தலையில் பிடித்துத் தூக்கிக் குமிழைப் பிய்த்துவிட்டேன். அது சிலிக்கன், மெத்து. விலாவில் பிடிக்க வேண்டும். இரண்டாவது சரிவந்தது. வெளிச்ச நிலைகள் குறைந்த தொகுதி ஒன்றைத் தெரிவு செய்து, எப்போது போட்டாலும் மங்கலிலேயே தொடங்கும்படி வைத்தேன். நான் மிச்சம் வைத்திருந்த நல்ல லப்ரொப் பற்றரி ஒன்று உள்ளே. மாதத்துக்கு ஒருக்கால் நானே எடுத்துச் சார்ஜ் பண்ணி வைப்பேன். இப்போது அம்மா கிணற்றடிக்குப் போகும்போது ஜன்னலால் பார்த்தால், தரையில் ஒரு மஞ்சள் வட்டம் அவருக்கு முன்னால் ஊர்ந்து போகும்.

குறைகள் இல்லாமல் இல்லை. டி4வி2இல் சார்ஜ் ஓட்டை கிடையாது. தனிச் சார்ஜர் வாங்க வேண்டும். அதே விலைக்கும் குறைவாக, யூ.எஸ்.பி. சி செருகும் வுர்கொஸ், சோஃபர்ன் வகை ரோச்சுகள் கிடைக்கின்றன. ரோச்சை ஒரு பொருளாக மட்டும் பாவிக்கிறவர்கள் அதையே வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவிச் பக்கவாட்டில் இருப்பதால் ஈரக்கையோடு இருட்டில் தேட வேண்டியிருக்கிறது. பச்சைப்பூச்சு ஓரங்களில் ஏற்கெனவே கழன்று வெள்ளி தெரிகிறது. இன்னொன்று, இதை இரவல் கொடுக்க முடியாது. மைத்துனர் ஒருநாள் கொண்டுபோய், எப்படியோ மின்னல் வெட்டும் முறைக்குள் போய், வெளியே வரத்தெரியாமல் வால்மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

2025 மாசியில், பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று ரோச்சைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். போனது நடுப்பகல். அதைவிடப் பெரிய ஏமாற்றம் எனக்கு வேறில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு ஏழு மணிக்குப் போனது. அன்டுரிலுக்குள் மெழுகுதிரி முறை என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. வெளிச்சம் காற்றில் ஆடும் சுடர்போலத் துடிக்கும். வேலைக்கு உதவாத விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அதைப் போட்டுக் குசினி மேசையில் நிமிர்த்தி வைத்தேன். அம்மா வாங்கில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் எங்கள் நிழல்கள் ஆடின. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உது ஜாம் போத்தல் விளக்கெல்லோ மோனை" என்றார். "எவ்வளவு குடுத்தனி எண்டு சொன்னனி?"

"மூவாயிரம் அம்மா."

"மூவாயிரத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு" என்று சொல்லிச் சுளகை ஒருதரம் புடைத்தார். பொய் பிடிபட்டதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வேறு வெளிச்சத்துக்கு மாற்றட்டோ என்று கேட்டேன்.

"விடு, கரண்ட் வருமட்டும் கிடக்கட்டும்."